கோப்பிக் கடையில பெட்டையளுக்கு என்ன வேலை?

"கோப்பிக் கடை எங்கட கலாசாரமோ? சந்தித் தேத்தண்ணிக் கடை காணாதோ?" எண்டு கேக்கிற அண்ணைமாரே, இலங்கையில் தேயிலைக்கு முந்தியது கோப்பி. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்த பிறகுதான் தேயிலை பெருகியது. உங்கட பாரம்பரியத்தின்ர வயசு அவ்வளவுதான்.

அதை விடுவம். அந்தச் சந்திக் கடை வாங்கில் ஒரு பெட்டை தனிய இருந்து பிளேன்ரீ குடிச்சதை எப்ப கண்டனீங்கள்? திருநெல்வேலி ஒழுங்கைக்குள்ள இருக்கிற சின்னக் கோப்பிக் கடையில் இரண்டு மணித்தியாலம் புத்தகத்தோட இருந்தாலும் "ஆற்ற பிள்ளை?" எண்டு ஒருத்தரும் விசாரிக்கிறேல்லை. விலை கூடத்தான். ஒரு கோப்பியை மூன்று பேர் பகிர்ந்து குடிக்கிறம் (கடைக்கார அக்கா முகம் சுழிக்கிறேல்லை). உங்கட வாங்கில கொஞ்சம் அரக்கி இருங்கோவன், பிளேன்ரீக்கும் வாறம்.