குவிமாடம் யாருக்குச் சொந்தம்?

மும்பை அப்போலோ பந்தரில் கேமராவும் கையுமாகத் திரியும் போட்டோகிராபர்களுக்கு இரண்டு பின்னணிகள் போதும். ஒரு பக்கம் திரும்பினால் கேட்வே ஆப் இந்தியா, மறுபக்கம் தாஜ்மகால் பேலஸ் ஓட்டல். ஊர் பார்க்க வந்தவர்களை எந்தப் பக்கம் நிறுத்தினாலும் படம் விற்கும்.

ஜாம்ஷெட்ஜி டாடா கட்டி 1903-ல் திறந்த அந்த ஓட்டலின் தோற்றம், 2017-ல் வணிகச் சின்னமாகப் பதிவானது. இந்தியாவில் ஒரு கட்டடத்தின் உருவமே டிரேட் மார்க் ஆனது அதுதான் முதல் முறை. பெயருக்கும் லோகோவுக்கும் மட்டுமே என்று பலரும் நினைத்திருந்த 1999-ம் ஆண்டுச் சட்டம், வரைந்து காட்டக்கூடியதாகவும் ஒருவரது சரக்கை அல்லது சேவையை மற்றவருடையதிலிருந்து பிரித்துக் காட்டுவதாகவும் இருந்தால் சின்னமாக ஏற்கிறது. குவிமாடத்தைப் பார்த்ததும் ஓட்டல் நினைவுக்கு வருகிறதா? 2008 நவம்பரில் அதன் மேல் புகை எழுந்தபோது, டிவி முன் உட்கார்ந்திருந்த பெரும்பாலோருக்கு இடத்தின் பெயரை எழுதிக் காட்டத் தேவைப்படவில்லை.

சுற்றுலாப் பயணியின் போட்டோவுக்கு இதனால் ஆபத்தில்லை. கட்டடத்தைப் படமெடுப்பதையும் வரைவதையும் வெளியிடுவதையும் 1957-ம் ஆண்டு காப்பிரைட் சட்டமே அனுமதிக்கிறது. சிக்கல், சாவிக்கொத்திலும் காபிக் கோப்பையிலும் குவிமாடத்தை அச்சடித்து விற்பவருக்குத்தான். அவர் விற்பது வெறும் படமா, ஓட்டலின் முத்திரையா? அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இதே கேள்வி எழுந்தது. ஐ.எம். பெய் வடிவமைத்த ராக் அண்ட் ரோல் அருங்காட்சியகத்தைப் போஸ்டராக்கி விற்ற போட்டோகிராபர் மீது அருங்காட்சியகம் வழக்குப் போட்டது. கட்டடத்தின் தோற்றத்தை அது ஒரே சீரான சின்னமாகப் பயன்படுத்தி வந்ததாகத் தெரியவில்லை என்று சொல்லி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-ல் போஸ்டர் மீதான தடையை விலக்கியது.

காப்பிரைட், படைப்பாளி இறந்து 60 ஆண்டுகளில் முடிந்துவிடும். வணிகச் சின்னத்துக்கு அந்தக் கெடு கிடையாது. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் நீண்டுகொண்டே போகும். ஓட்டல்காரர்களுக்கு இது லாபம்தான். வரைந்தவருக்கு? தாஜை வடிவமைத்தவர்களில் ஒருவர் சீதாராம் காண்டேராவ் வைத்யா. அங்கே தங்குபவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

தாஜ் சின்னமான அதே 2017-ல், டெல்லி பிரகதி மைதானத்தில் 1972-ல் எழுந்த ஹால் ஆப் நேஷன்ஸ் இடித்துத் தள்ளப்பட்டது. அதன் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால், அதே வடிவில் மீண்டும் கட்டித்தர உத்தரவிடக் கோரி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். படைப்பாளியின் தார்மீக உரிமை, சொந்தக்காரர் தன் கட்டடத்தை இடிப்பதைத் தடுக்காது என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. வழக்கு தள்ளுபடி.