தமிழில் எழுதுவோனுக்குக் கூலி

உத்தமபாளையத்தில் கருத்த இராவுத்தர் கல்லூரி 1956 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் வீட்டுப் பிள்ளைகளும், ஏலமலைத் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குச் செல்வோர் பிள்ளைகளும் அங்குப் படித்துப் பட்டம் பெற்றுள்ளனர். அத்தகைய வீட்டு இளைஞன் ஒருவன் படிப்பை முடித்து வேலை வாயாமல் இருக்கின்றான் என்று கொள்வோம். எழுதத் தெரிந்தவன், கையில் ஒரு கைப்பேசி உள்ளது. வலைப்பூ ஒன்று தொடங்கி எழுதினால் சிறிது துணை வருவாய் கிட்டும் எனக் கேள்விப்படுகின்றான். எம்மொழியில் எழுதுவது என்பதே அவன் முதற்கண் கேட்கும் வினா. அவ்வினாவுக்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக் காலம் ஒரே விடைதான் இருந்தது: ஆங்கிலத்தில் எழுது, தமிழில் எழுதினால் ஒரு காசும் வாராது!

அவ்விடை முழுதும் அடிமை மனப்பான்மையினின்று எழுந்ததாகச் சொல்லிவிட முடியாது. நடப்பும் அதுவாகவே இருந்தது. அது நடந்த வகையைத் தமிழர் அறிந்துகொள்ளல் வேண்டும்.

கூகுள் நிறுவனம் வலைப்பூ எழுதுவதற்குரிய பிளாக்கர் என்னும் அமைப்பை 2003 ஆம் ஆண்டு பிப்பிரவரியில் விலைக்கு வாங்கிற்று. அதே ஆண்டு சூன் திங்களில் ஆட்சென்சு என்னும் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கிற்று. எழுதுவோன் தன் பக்கத்தில் சிறிது இடம் ஒதுக்கித் தருவான். அப்பக்கத்தில் உள்ள சொற்களைப் பொறி படித்துப் பார்த்து, அவற்றுக்கு ஏற்ற விளம்பரத்தை அவ்விடத்தில் இடும். வரும் பணத்தில் ஏறத்தாழ 68 விழுக்காடு எழுதியவனுக்கு, எஞ்சியது நிறுவனத்திற்கு. தமிழ் வலைப்பூக்கள் அரும்பியதும் அக்காலத்திலேயே. 2004 ஆம் ஆண்டில் அவற்றை ஒருங்கே திரட்டிக் காட்டத் தமிழ்மணம் தோன்றியது. ஈழத்தவரும், மலேசியத் தமிழரும், சிங்கப்பூர்த் தமிழரும், இங்குள்ளோரும் பல்லாயிரம் கட்டுரைகளை எழுதிக் குவித்தனர். எழுத்துருக் குழப்பங்களையெல்லாம் கடந்து, ஒருங்குறியில் தமிழை நிலைநிறுத்தியதில் அவர்தம் உழைப்பே பெரும்பங்கு. ஆயினும் அவ்வுழைப்புக்கு விளம்பரத்தால் கூலி இல்லை. ஏன் எனின், அந்நிறுவனம் ஏற்றுக்கொண்ட மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை!

பட்டியலில் இல்லாத மொழியின் பக்கங்களில் அவ்விளம்பரத்தை இடுவது நெறிக்கு மாறு. சிலர் ஆங்கிலத்தில் சில பக்கங்களை எழுதிக் காட்டி ஒப்புதல் பெற்றுப் பின்னர்த் தமிழ்ப் பக்கங்களில் விளம்பரத்தை ஒட்டவைத்தனர். தாய்மொழியைக் கள்ளச் சரக்கைப் போல் ஒளித்துக் கொண்டுபோகும் நிலை அது. வேறு பலர் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்திற்கே சென்றனர். அவர்களைக் குறை கூறுவது எளிது. அவர்கள் வீட்டு அடுப்பை யார் எரிப்பார்?

2014 ஆம் ஆண்டு திசம்பரில் இந்தி அப்பட்டியலில் ஏறிற்று. 2017 இல் வங்காளம் ஏறிற்று. தமிழ் ஏறியது 2018 பிப்பிரவரியில். இந்திக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னர்! இந்தி பேசுவோர் தொகை மிகுதி. வணிகன் தொகையைத்தானே பார்ப்பான் என்பார் உளர். நன்று, அவர்தம் கணக்கையே பார்ப்போம். கூகுள் ஒரு தணிக்கை நிறுவனத்தோடு சேர்ந்து 2017 ஏப்பிரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்திய மொழி பேசுவோருள் இணையத்தைக் கைக்கொண்டோர் விழுக்காட்டில் தமிழரே முதலிடம்: தமிழ் 42, இந்தி 39, கன்னடம் 37. முதலிடத்தில் இருந்த மொழி வாயிலில் காத்துக் கிடந்தது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அது ஆட்சிமொழி என்பதோ, 2004 இல் செம்மொழி என இந்திய அரசே அறிவித்தது என்பதோ அக்காத்திருப்பை ஒரு நாளும் குறைக்கவில்லை. தமிழர் கோட்டையில் மாறி மாறி அமர்ந்தோர் இதற்காக எழுப்பிய குரல் எதுவும் தமிழுலகின் செவியில் விழுந்ததில்லை. மாநாட்டுப் பந்தலுக்குக் கால்கோள் இடுவதில் காட்டிய விரைவை இதில் காட்டியிருக்கலாம்.

இனி, தமிழன்பர் சிலரிடமிருந்தே எழும் மறுப்பு ஒன்று உண்டு. தமிழை எழுதிப் பணம் பண்ணுவதா, தமிழ்த்தொண்டு விற்பனைச் சரக்கா என்பர். சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்ததை எடுத்துக் காட்டுவர். பொருத்தமான எடுத்துக்காட்டே! ஆனால் அவர் மறுத்தது பரிசிலை அன்று. காணாது தரும் பரிசிலை. அவரே குமணனிடம் யானை பெற்று வந்து, தம்மை மதியாத இளவெளிமானின் காவல்மரத்தில் அதைக் கட்டிச் சென்றார் என்பதும் புறநானூறு காட்டும் செய்திதான். உத்தமபாளையத்துத் திருக்குணகிரிப் பாறையில் சமணத் திருவுருவங்களுக்குக் கீழே, செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. செய்வித்தவர் இருந்தார் எனின், செதுக்கிய கைக்குக் கூலியும் இருந்திருக்கும். எழுத்துக்கு ஊதியம் பெறுவது இழிவு என்னும் எண்ணம் தமிழ் மரபினது அன்று. சோறின்றிப் பாடினால்தான் பாவலன் என்பது, பாவலனுக்குச் சோறிடாதார் கட்டிவிட்ட கதை.

ஆயினும் அம்மறுப்பில் ஓர் உண்மை ஒளிந்துள்ளது. கூகுள் தருவது முற்றிலும் காணாது தரும் பரிசிலே. அப்பொறி சொல்லை எண்ணும், சுவையை அறியாது. ஆதலின் அதனைப் பரிசிலாகக் கொள்ளாமல், சுவரில் விளம்பரம் ஒட்ட இடம் கொடுத்தமைக்குக் குடிக்கூலியாகக் கொள்வதே தகும். குடிக்கூலி வாங்குவதில் இழிவு யாதும் இல்லை. அக்குடிக்கூலிக்காகச் சுவரையே வீடாகக் கட்டத் தொடங்குவதுதான் கேடு.

அக்கேடு தொடங்கிவிட்டது. பொறி தேடும் சொல் எதுவோ அதையே பத்து முறை திரும்பத் திரும்ப எழுதுவது, பாதி ஆங்கிலம் கலந்து தலைப்பிடுவது, உள்ளே ஒன்றும் இல்லாத வேலைவாய்ப்புச் செய்தியைப் பரப்புவது, பிறர் கட்டுரையைத் திருடி ஒட்டுவது எனத் தமிழ்ப் பக்கங்கள் பெருகுகின்றன. வலைப்பூவால் பொருள் ஈட்டுவது எப்படி எனக் கற்பிக்கும் வலைப்பூக்களோ எண்ணில. அவற்றை நடத்துவோர் வேறு எதனால் ஈட்டினர் என்று கேட்பாரைக் காணோம்.

வருவாயின் அளவையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கணக்கில் 10 தாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதி செய்ய ஒரு மறையெண் அஞ்சலில் வரும். 100 தாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். திங்களுக்கு 5 தாலர் ஈட்டுவோன் முதற்பணம் காண இருபது திங்கள் காத்திருத்தல் வேண்டும். 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, விளம்பரத்தைத் தட்டுவோர் கணக்கின்றி, பார்ப்போர் கணக்கிலேயே கூலி அளக்கப்படுகின்றது. அதிலும், கடல் கடந்த நாட்டுத் தமிழர் படித்தால் கூலி கூடும். கம்பத்துத் தமிழர் படித்தால் குறையும்.

ஏன் குறைகின்றது? போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடைபெறுவதைப் பார்த்தோர்க்கு இது விளங்கும். ஏலம் கேட்போர் பலர் எனின் விலை ஏறும்; இருவரே எனின், முதல்தரக் காயும் மலிவாகப் போகும். விளம்பர இடமும் அவ்வாறே நொடிதோறும் ஏலம் விடப்படுகின்றது. தமிழ்ப் பக்கத்து இடத்தை ஏலம் கேட்க வருவோர் சிலரே. துணிக்கடையும் நகைக்கடையும் நடத்தும் தமிழ் வணிகர், தமிழரிடமே விற்கும் பொருளுக்கும் ஆங்கிலத்தில் விளம்பரம் செய்கின்றனர். வாயிலைத் திறக்கப் பதினைந்து ஆண்டு தாழ்த்தியது அயல்நாட்டு நிறுவனம். திறந்த பின்னும் உள்ளே வராமல் நிற்பவர் நம்மவர்.

பொருள் இல்லையா எழுத? முல்லைப் பெரியாற்று நீரால் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகின்றது. அணையின் நீர்மட்டம் 142 அடியை நெருங்குகின்றதா என ஐந்து மாவட்டத்து உழவர் நாள்தோறும் பார்க்கின்றனர். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்கொடிக்கு வரும் நோயும், கவாத்துச் செய்யும் பருவமும், விலை விழும் திங்களும் அறிந்த உழவர் தெருவுக்குத் தெரு உள்ளனர். அவர்கள் அறிவை நல்ல தமிழில் எழுதி வைப்பார் சிலரே. அமெரிக்காவில் இருந்து எவனும் இதை எழுத மாட்டான். பிறமொழிக் கட்டுரையைப் பொறி பெயர்த்துத் தந்தாலும் இது அதில் இராது. நம் இளைஞன் எழுதத்தக்கது இதுவே. இதைப் படிப்பவன் மறுநாளும் வருவான்.

அவ்வாறு வருவோரிடம் நேரே கட்டணம் பெறும் முறையும் தமிழர்க்குப் புதிதன்று. சங்கப் புலவர் பெயரையே பூண்ட பாவலரேறு பெருஞ்சித்திரனார் 1959 இல் தொடங்கிய தென்மொழி, பெருவணிகர் விளம்பரத்தால் வாழ்ந்ததன்று. படிப்போர் அனுப்பிய கட்டணத்தால் வாழ்ந்தது. பாவாணரின் சொற்பிறப்பியல் அகரமுதலிக்கு 1974 இல் தமிழக அரசு தனி இயக்ககம் அமைக்கும் முன்னரே, அப்பணிக்கெனத் திங்கள்தோறும் பணம் அனுப்பிய தென்மொழி அன்பர் பலர். அவருள் செல்வர் அரியர். பள்ளி ஆசிரியரும் எழுத்தருமே மிகுதி. இன்று பணம் அனுப்ப அஞ்சலகத்தில் வரிசையில் நிற்கவும் வேண்டா. கைப்பேசியில் ஒரு நொடி போதும்.

கம்பத்துத் திராட்சை வணிகரும், போடி ஏலக்காய் வணிகரும், சின்னமனூர் வாழைமண்டியாரும், உத்தமபாளையம் கடைத்தெருவில் உரமும் பூச்சிமருந்தும் விற்போரும் ஆளுக்கொரு தமிழ் விளம்பரத்தை, இவ்வூர்ப் பிள்ளைகள் எழுதும் தமிழ்ப் பக்கங்களுக்கு நேரே தந்து பார்க்கட்டும். நாளிதழில் ஒரு நாள் வந்து மறுநாள் பொட்டலம் மடிக்கும் தாளாகும் விளம்பரத்திற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். இடையில் 32 விழுக்காடு எடுத்துக்கொள்ள எவனும் இரான். கூலியும் உரூபாவில், கையோடு வந்து சேரும்.