யாரோ ஒருவர்

போன மாதம் ஒரு நண்பர் வந்திருந்தார். கால்பந்துப் பைத்தியம். உலகக் கோப்பை நடக்கிற வருஷங்களில் அவர் வீட்டில் இரவு, பகல் என்ற பேதமே கிடையாது. பேச்சு எங்கெங்கோ சுற்றி, 1974ஆம் வருஷத்து ஹாலந்து கோஷ்டியிடம் வந்து நின்றது. "அந்த ஆட்டத்தையே உண்டாக்கியவர் ரீனுஸ் மிஷெல்ஸ்தான், ஸார்! வேறு யாருக்கும் அதில் பங்கு கிடையாது" என்று நண்பர் அடித்துப் பேசினார்.

"மிஷெல்ஸுக்கு முன்னால் ஹாலந்துக்கு யார் பயிற்சியாளர்?" என்று கேட்டேன்.

நண்பர் யோசித்தார். காப்பியை ஒரு வாய் குடித்தார். "யாரோ ஒருவர் இருந்திருப்பார்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த 'யாரோ ஒருவர்' என்கிற வார்த்தையைக் கேட்டால் எனக்கு எப்போதும் வரும். கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு, சமைத்தது யார் என்று கேட்டால் சொல்கிற பதில் அது. பந்து சரித்திரம் எழுதுகிறவர்கள் பல பேர் என் நண்பரைப் போலத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

அந்த 'யாரோ'வுக்குப் பெயர் உண்டு: ஃபிரான்டிஷெக் ஃபாட்ரோன்ஸ். ஒரு மூச்சில் சொல்லிப் பாருங்கள். நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கும். அவருக்கு நேர்ந்த அநியாயத்தில் பாதிக்கு இந்தப் பெயரே காரணமோ என்றுகூட எனக்குச் சந்தேகம். 1914இல் நிம்புர்க் என்ற ஊரில் பிறந்த செக்காரர். (செக்காரர் என்றதும் எண்ணெய்ச் செக்கு ஞாபகம் வர வேண்டாம். செக்கு மாடு ஒரே இடத்தைச் சுற்றும். இந்த மனிதர் போய்க்கொண்டே இருந்தார்.) இளமையில் பந்து ஆடினார், அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1948 பிப்ரவரியில் அவர் தேசத்தில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். மறு வருஷம் அவர் ஹாலந்தில், டில்பர்க் நகரத்தில் இருந்தார். 'இரண்டாம் வில்லெம்' என்று ஓர் அரசரின் பெயரைச் சூடிக்கொண்ட சங்கம் அங்கே உண்டு. அதற்குப் பயிற்சியாளர்.

அந்தச் சங்கத்தின் கதையைக் கேளுங்கள். ஹாலந்து தேசத்துச் சாம்பியன் பட்டம் அதற்கு மூன்று முறைதான் கிடைத்திருக்கிறது. முதல் முறை 1916இல். மற்ற இரண்டும் 1952இலும் 1955இலும், ஃபாட்ரோன்ஸ் இருந்தபோது. ஹாலந்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து ஆட அனுமதித்ததே 1954இல்தான். ஆகவே முதல் பட்டம் பொழுதுபோக்காக ஆடியவர்களை வைத்து; இரண்டாவது, சம்பளக்காரர்கள் வந்த பிறகு. ஆட்டத்தின் அடிப்படையே மாறிய அந்தச் சமயத்தில் இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் ஜயித்துக் காட்டினார். பிறகு 1962 முதல் எட்டு வருஷம் டெவென்டர் என்ற ஊரில் 'கோ அஹெட்' சங்கம். இரண்டாம் தரத்தில் கிடந்ததை முதல் தரத்துக்கு ஏற்றி, 1965இல் தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். 1970இல்தான் தேசிய கோஷ்டி அவர் கைக்கு வந்தது.

ஹாலந்து 1938க்குப் பிறகு உலகக் கோப்பைப் பக்கமே போனதில்லை. ஆனால் உள்நாட்டுச் சங்கங்களுக்கு அது பொற்காலம். ஐரோப்பியக் கோப்பையை 1970இல் ஃபெயனோர்ட் வாங்கிற்று. அடுத்த மூன்று வருஷமும் அயாக்ஸ் வாங்கிற்று. ராட்டர்டாமும் ஆம்ஸ்டர்டாமும் ஒன்றையொன்று எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்பது பந்து ரசிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க வேண்டிய வேலை, இரண்டு வீட்டுக்கும் உறவில்லாத ஓர் அந்நியர் தலையில் விழுந்தது.

1972 ஐரோப்பியப் போட்டியில் யூகோஸ்லாவியா முந்திக்கொண்டது. அது தோல்விதான், மறைக்கவில்லை. ஆனால் உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்களைப் பாருங்கள். 1972 நவம்பர் 1 அன்று நார்வேயை 9-0 என்று தோற்கடித்தார்கள். ஐஸ்லாந்துக்கு எதிராக ஐந்தும் எட்டும். பெல்ஜியத்தோடு இரண்டு முறையும் சமம். ஆறு ஆட்டத்தில் போட்டது 24 கோல், வாங்கியது 2.

இங்கே நண்பர் குறுக்கிட்டார். "அந்தக் கடைசி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? தப்பிப் பிழைத்ததுதானே!" என்றார். பயிற்சியாளர் பெயர் தெரியாவிட்டாலும் ஆட்டம் ஞாபகம் இருக்கிறது! 1973 நவம்பர் 18, ஆம்ஸ்டர்டாம். முடிகிற சமயத்தில் பெல்ஜியத்தின் ஃபெர்ஹெயன் பந்தை வலைக்குள் தள்ளினார். சோவியத் நடுவர் ஆஃப்சைடு என்று விசில் ஊதினார். படத்தில் பார்த்தால் ஆஃப்சைடே இல்லை. அந்தக் கோல் நின்றிருந்தால் ஹாலந்து வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும். மிஷெல்ஸும் இல்லை, 1974உம் இல்லை. ஆறு ஆட்டத்தில் ஒரு கோல்கூட வாங்காத பெல்ஜியம் வெளியே போயிற்று. பெல்ஜியக்காரர்கள் இன்றைக்கும் வயிறெரிந்தால் அது நியாயம்.

சரி, அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த அதிர்ஷ்டம் வந்து உட்கார ஒரு திண்ணை வேண்டுமல்லவா? இரண்டு தேசத்துக்கும் புள்ளிகள் சமம். பெல்ஜியம் போட்டது 12 கோல், ஹாலந்து போட்டது 24. கடைசி ஆட்டம் சமமானால் போதும் என்ற நிலைமையைச் சம்பாதித்து வைத்தது அந்த 24. அதை நடுவர் போடவில்லை.

பிறகு நடந்ததுதான் என் வழக்கின் உயிர்நாடி. உலகக் கோப்பைக்குச் சில மாதங்களே இருக்கும்போது ஹாலந்துக் கால்பந்துச் சங்கம் மிஷெல்ஸை அழைத்துத் தலைமையில் உட்கார வைத்தது. அவர் அப்போது பார்சிலோனாவில் வேலையில் இருந்தார். அந்த வேலையையும் விடவில்லை. ஃபாட்ரோன்ஸ் உதவியாளர் ஆனார். நிலத்தை உழுது, விதைத்து, களையும் எடுத்தவரை அறுவடை அன்று வரப்பில் நிற்கச் சொன்னார்கள். அவரும் நின்றார்.

"தன்மானம் இருந்தால் விலகியிருப்பார்" என்றார் நண்பர். சொல்வது சுலபம். சொந்த தேசம் கையைவிட்டுப் போன மனிதர், இருபத்தைந்து வருஷம் உழைத்த தேசத்தில், தாம் தேர்ந்தெடுத்து வளர்த்த பிள்ளைகள் ஆடப் போகும்போது, முறுக்கிக்கொண்டு போய்விடுவதுதான் தன்மானமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவனை ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் என்பது வாஸ்தவம். இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தவனை மறந்துவிடுகிறார்கள்.

மிஷெல்ஸைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. அயாக்ஸில் அந்த ஆட்டத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் அவர். 1974இல் நடுவில் ஆடுகிற ஆரி ஹானைப் பின்னால் நிறுத்தியதும், முப்பத்துமூன்று வயது யோங்ப்ளூடைக் கோல்காப்பாளராக வைத்து ஆடியதும் அவருடைய துணிச்சல். 1988இல் ஹாலந்துக்கு ஐரோப்பியக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். 1999இல் உலகக் கால்பந்து சம்மேளனம் அவரை நூற்றாண்டின் தலைசிறந்த பயிற்சியாளர் என்றது, சொல்லட்டும். "ஃபாட்ரோன்ஸ் செய்ததெல்லாம் மிஷெல்ஸ் ஆக்கி வைத்த சாதத்தைப் பரிமாறியதுதான்" என்கிற பேச்சைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மிஷெல்ஸ் 1971இல் அயாக்ஸை விட்டுப் போனார். அடுத்த இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளும் ருமேனியாக்காரர் கோவாச் காலத்தில் வந்தவை. அவரையும் இதே மாதிரி 'பரிமாறியவர்' என்று தள்ளிவிட்டார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். கோவாச் வைத்திருந்த ஆட்டக்காரர்களையும், ஃபாட்ரோன்ஸ் தகுதி பெற்றுத் தந்த இடத்தையும் வாங்கிக்கொண்டு 1974இல் வந்த மிஷெல்ஸ் என்ன செய்தார்? அவர் மட்டும் அடுப்பு மூட்டினாரா?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்கலாம். சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகையில் ஓடிக்கொண்டிருந்த தொடர்கதையைப் பாதியில் என்னிடம் கொடுத்தார்கள். ஆரம்பித்தவருக்கும் பத்திரிகைக்கும் ஏதோ மனஸ்தாபம். கடைசி எட்டு அத்தியாயம் நான் எழுதினேன். கடிதங்கள் எல்லாம் எனக்கு வந்தன. பாத்திரங்களைப் படைத்தவர் நான் அல்ல என்று யாருக்கும் பதில் எழுதவில்லை. இந்த வழக்கில் நான் நிற்க வேண்டிய கூண்டு எது என்று எனக்குத் தெரியும்.

ஃபாட்ரோன்ஸ் 1974இலேயே கிரேக்க தேசத்துக்குப் போனார், ஏதென்ஸில் ஏ.இ.கே. சங்கம். 1976-77 யு.இ.எஃப்.ஏ. கோப்பையில் அந்த கோஷ்டி டெர்பி கவுன்டியை இங்கிலாந்திலேயே 3-2 என்று தோற்கடித்தது. கால் இறுதியில் லண்டன் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை பெனால்டியில் ஜயித்தது. அரையிறுதியில் யுவென்டஸிடம் தோற்றது. கோப்பையும் யுவென்டஸுக்கே போயிற்று. 1977இல் ஃபாட்ரோன்ஸ் விலகினார். 1978இல் ஏ.இ.கே. தேசத்துப் பட்டம், கோப்பை இரண்டையும் சேர்த்து வாங்கியபோது பயிற்சியாளர் நாற்காலியில் சாய்கோவ்ஸ்கி இருந்தார்! புது ஆட்டக்காரர்களும் வந்திருந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அறுவடைக்கு ஒரு நாள் முன்னால் ஊரைவிட்டுப் போவது சில பேருக்கு ஜாதகத்திலேயே இருக்கும் போலிருக்கிறது. இதற்கு நடுவில், 1976 ஐரோப்பியப் போட்டி அரையிறுதியில் செக்கோஸ்லோவாக்கியா 3-1 என்று ஹாலந்தைத் தோற்கடித்தது. அன்று அவர் மனசு எந்தப் பக்கம் இருந்திருக்கும்? நாவல் எழுதுகிறவனுக்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

1981இல் சைப்ரஸ் தீவில், நிக்கோசியா நகரத்தில் காலமானார்.

நண்பர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: "எது எப்படியோ, 1974 இறுதி ஆட்டத்தில் ஹாலந்து தோற்றதே. அது யார் தப்பு?"

நல்ல கேள்வி. ம்யூனிக்கில், ஜூலை 7 அன்று, இரண்டாவது நிமிஷத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டு, பிறகு 2-1 என்று ஜெர்மனியிடம் தோற்றார்கள். ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கனம் என்று எழுதினார்கள். ஜயித்ததெல்லாம் மிஷெல்ஸின் மூளை. தோற்றது மட்டும் பிள்ளைகளின் கர்வம். ஃபாட்ரோன்ஸுக்கு அந்தத் தோல்வியில்கூட ஒரு வரி பங்கு கொடுக்கவில்லை.

நண்பர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அவர் பெயர் என்ன சொன்னீர்கள்?" என்றார்.

சொன்னேன். இரண்டாம் தடவை எனக்கே நாக்குக் குழறிற்று.