டிஸ்க் நிறைஞ்சா முதல்ல எதை அழிக்கணும்?

வைகுண்ட ஏகாதசி அன்று ஸ்ரீரங்கத்தில் விடியும் முன்பே பரமபத வாசல் திறந்துவிடும். ரத்னாங்கியில் நம்பெருமாள் அந்த வாசலைக் கடக்கும் காட்சி காலை காபிக்குள் யூடியூபில் வந்தாக வேண்டும். மார்கழி முடிந்து தை பிறந்தால் திருச்சி மண்டபங்களில் கல்யாண சீசன். வீடியோ எடிட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்: போன காட்சியை மறுபடி எடுக்க முடியாது.

இந்த அவசரத்தில்தான் 'டிஸ்க் ஃபுல்' என்று திரையில் வந்து நிற்கும். "போன மாசக் கல்யாணம்தானே, வீடியோ கொடுத்தாச்சே" என்று அசல் பதிவில் கை வைப்பவர்கள் உண்டு. அழிக்க வேண்டியது அதை அல்ல, கேஷை.

கேஷ் என்பது அரைத்து வைத்த மாவு. வேலை வேகமாக நடக்க, அசல் வீடியோவிலிருந்து மென்பொருள் தானே உருவாக்கி வைத்துக்கொள்ளும் துணைக் கோப்புகள் அவை. அரிசி இருக்கும்வரை மாவை எப்போது வேண்டுமானாலும் அரைத்துக்கொள்ளலாம். அரிசியைக் கொட்டிவிட்டால் அவ்வளவுதான்.

ஆனால் இந்த மாவு அரிசியைவிட அதிக இடம் பிடிக்கும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்த 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 45 ஜிபி. அதே ஒரு மணி நேரத்தை டாவின்சி ரிசால்வ், புரோரெஸ் 422 எச்க்யூ வடிவில் ரெண்டர் கேஷாக எழுதினால் 330 ஜிபி தாண்டும். ஏழு மடங்கு! 500 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவர் திணறுவதில் ஆச்சரியம் என்ன?

இதில் மென்பொருள் நிறுவனங்கள் மீதும் குறை உண்டு. பிரீமியர் புரோவின் பிரிபரன்சஸில் 'மீடியா கேஷ்' பகுதிக்குப் போனால், இத்தனை நாளான கோப்புகளை நீக்கு, இத்தனை ஜிபி தாண்டினால் நீக்கு என்ற வசதிகள் இருக்கின்றன. யாராவது போய்த் தேர்வு செய்யாதவரை அவை பெரும்பாலும் சும்மாவே கிடக்கும். சேமிப்பதும் வழக்கமாக சி டிரைவில்தான். வரம்பு முதலிலேயே போடப்பட்டிருக்க வேண்டும், வேண்டாதவர் எடுத்துக்கொள்ளட்டுமே.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவும் கூடாது. 2018-ல் அமெரிக்காவில் ஒரு வீடியோகிராஃபர் அடோபி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். பிரீமியரில் கேஷைச் சுத்தம் செய்தபோது, பக்கத்திலிருந்த அசல் வீடியோக்களும் போய்விட்டன, இழப்பு 2,50,000 டாலர் என்பது அவர் புகார். கேஷ் ஃபோல்டரின் உள்ளே இருப்பவை மட்டுமே இனி நீக்கப்படும் என்று 11.1.1 பதிப்பில் அடோபி மாற்றம் செய்தது. எது எப்படியோ, கேஷுக்குத் தனி ஃபோல்டர், முடிந்தால் தனி எஸ்எஸ்டி வைப்பதுதான் புத்திசாலித்தனம். அசல் வீடியோ அதன் அருகில்கூட இருக்க வேண்டாம்.

ரிசால்வில் இன்னொரு சிக்கல். கேஷும், கலர் வேலையில் எடுத்து வைத்த கேலரி ஸ்டில்களும் வழக்கமாக ஒரே டிரைவில் அடுத்தடுத்த ஃபோல்டர்களில் இருக்கும். விண்டோஸில் போய் மொத்தமாக டெலீட் அடித்தால் ஸ்டில்களும் சேர்ந்து போகும். மென்பொருளின் 'பிளேபேக்' மெனுவில் உள்ள 'டெலீட் ரெண்டர் கேஷ்' வழியாக நீக்குவதே பாதுகாப்பு.

பாதி வேலையில் கேஷை அழித்தால் எல்லாம் மறுபடி உருவாகும்வரை கணினி மெதுவாகும். முகூர்த்த வீடியோவை இன்று இரவே கொடுக்க வேண்டும் என்றால் அது பெரிய தலைவலி. ஒரு வேலையை ஒப்படைத்த மறுநாளே அதன் கேஷைக் காலி செய்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவது நல்லது.

கல்யாண வீட்டாரும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டுவிடலாம்: "அசல் ஃபுட்டேஜ் எத்தனை மாசம் வச்சிருப்பீங்க? நாங்க ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கித் தந்தா காப்பி போட்டுத் தருவீங்களா?"