போல்ட்டுக்கு உள்ள மரியாதை

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஒரு சப்ளையர், தான் அனுப்பும் போல்ட்டுக்கு முலாம் போடும் பட்டறையை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போல்ட் அதேதான், அளவும் அதேதான், விலைகூட மாறவில்லை. ஆனாலும் ஃபோர்-எம் (ஆள், இயந்திரம், பொருள், முறை) மாற்ற அறிவிப்பு போக வேண்டும். மாதிரிகளும் உப்புத்தெளிப்புச் சோதனை அறிக்கையும் போக வேண்டும். பாகத்துக்கு ஒப்புதல் தரும் பிபிஏபி கோப்பைத் திரும்பத் திறக்க வேண்டும். வாங்குகிறவர் கையெழுத்துப் போடும்வரை ஒரு பெட்டிகூட லைனுக்குள் வராது. அதே லைனில் நகரும் காரின் திரைக்குப் பின்னால் ஓடும் லினக்ஸ் கெர்னலை, சிப் கம்பெனி இருபது ஸ்டேபிள் பதிப்புகள் தாண்டி ஏற்றி அனுப்புகிறது. ரிலீஸ் நோட்டில் வருவது ஒரே வரி: ‘பிஎஸ்பி அப்டேட்’, அதாவது போர்டு ஆதரவுப் பொதியின் புதுப்பிப்பு. அந்த வரிக்குள் ஆயிரக்கணக்கான பேட்ச்கள் இருக்கின்றன. யார் எழுதியது, ஏன் எழுதியது, யார் பார்த்தது, எந்தப் போர்டில் ஓட்டியது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

போல்ட் விஷயத்தில் கெடுபிடி அதிகம் என்று சொல்ல வரவில்லை. 1998-இல் முதல் சான்ட்ரோ இங்கிருந்து வெளியே போன காலத்தில் கோளாறு வந்தால் இரும்பிலும் ரப்பரிலும் ஒயரிலும் வரும். விதிகளும் அதற்கேற்ப வளர்ந்தன. அந்தக் காரில் மென்பொருள் என்று சொல்ல இன்ஜின் கன்ட்ரோலரைத் தாண்டிப் பெரிதாக எதுவும் கிடையாது. இன்றைக்கு நடுத்தர விலைக் காரிலேயே திரை, கேமரா, டெலிமேட்டிக்ஸ் என்று பல இடங்களில் லினக்ஸோ, லினக்ஸ் மேல் ஏறி உட்கார்ந்த ஆண்ட்ராய்டோ ஓடுகிறது. ஹூண்டாய் 2019 ஜனவரியில் ஆட்டோமோட்டிவ் கிரேடு லினக்ஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது. அடுத்த மாதமே, உயிர்ப்பாதுகாப்பு சார்ந்த கருவிகளில் லினக்ஸைப் பயன்படுத்த வழி தேடும் எலிசா திட்டம் தொடங்கியது. கெர்னல் நம் பொருட்பட்டியலில் உள்ள ஒரு பாகம். இன்கமிங் இன்ஸ்பெக்ஷன் இல்லாத பாகம்.

கெர்னல் தரப்பில் ஒழுங்கு இல்லை, யார் வேண்டுமானாலும் எதையும் நுழைத்துவிடலாம் என்று நம் மீட்டிங்குகளில் இன்னமும் சொல்கிறார்கள். அங்குள்ள வழக்கத்தைப் பார்க்காதவர்களின் பேச்சு அது. ஒரு பேட்ச் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்ய வேண்டும். எதற்காக என்பதை மாற்றத்துக்கு மேலேயே எழுத வேண்டும். பிழைத்திருத்தம் என்றால் எந்தப் பழைய கமிட்டில் பிழை புகுந்தது என்று அடையாளம் காட்ட வேண்டும். லினக்ஸ் குறியீட்டின் உரிமை குறித்த எஸ்சிஓ வழக்கு நடந்துகொண்டிருந்த 2004-இல் வந்தது ‘சைன்டு-ஆஃப்-பை’ வரி. இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று எழுதியவரும், கைமாற்றி மேலே அனுப்பிய ஒவ்வொருவரும் போடும் ஒப்பம் அது. ‘ரிவ்யூட்-பை’ போடுகிறவர், அலசிப் பார்த்தேன், என் ஐயங்களைச் சொன்னேன், பதில் திருப்தி, சேர்க்கலாம் என்கிறார். இரண்டு வாரம் புதியவற்றைச் சேர்ப்பார்கள், அப்புறம் வாரம் ஒன்றாக ஏழெட்டு ஆர்சி எனும் வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு, ஒன்பது பத்து வாரத்தில் ஒரு பதிப்பு.

ஒரு பேட்ச்சுக்கு ஒரு மாற்றம் என்ற விதி அழகுக்காகப் போட்டதல்ல. பதினாறாயிரம் பேட்ச்களில் எது திரையைக் கருப்பாக்கியது என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால், பதினான்கு முறை பில்ட் செய்து ஃப்ளாஷ் அடித்து பூட் செய்ததும் ஆள் கையில் கிடைத்துவிடும். ஒரு ஷிஃப்டுக்குள் முடிகிற வேலை. நம் உள் ரெப்போக்களில் ‘சில்லறைத் திருத்தங்கள்’ என்று தலைப்பிட்டு நாற்பது ஃபைல்களைத் தொடும் கமிட் ஒன்று போதும், இந்த வித்தை பலிக்காது. ஆள் கிடைப்பான், ஆனால் நாற்பது பேராகக் கிடைப்பான்.

இவ்வளவு ஒழுங்கு இருந்தும் எங்கே ஓட்டை விழுகிறது? 2023 நவம்பர் கடைசியில் நடந்ததை நம் துறையினர் ஒருமுறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். கெர்னலின் 6.1 நீண்டகால ஆதரவுத் தொடரில் நடந்தது அது. டெபியன் 12 அதன் மேல் நிற்கிறது, நம் பெஞ்சுகளில் உள்ள போர்டுகள் பலவும் அப்படியே. ஸ்டேபிள் தொடருக்குள் வருபவை முதன்மைக் கெர்னலான மெயின்லைனில் ஏற்கெனவே சேர்ந்து, ரிவ்யூ ஆன திருத்தங்கள். அப்படி 6.1.64-க்கு இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் திருத்தம் ஒன்று பேக்போர்ட் ஆனது. மெயின்லைனில் அது சரியான திருத்தம்தான். ஆனால் அதற்கு முன்பே ஐயோமேப் பகுதியில் வந்திருந்த வேறொரு மாற்றத்தை நம்பி எழுதப்பட்டது. அந்த மாற்றம் 6.1-இல் இல்லை. விளைவு, டைரக்ட் ஐஓ-வில் எழுதும்போது கோப்பில் அடுத்து எழுத வேண்டிய இடம் தவறியது. எழுதிய தரவு கெட்டது. டிசம்பர் 9 அன்று வெளியாக இருந்த டெபியன் 12.3-இன் வட்டுப் படிமங்களை நிறுத்தி வைத்து, மறுநாள் திருத்திய கெர்னலோடு 12.4 என்று வெளியிட்டார்கள்.

இதில் குற்றவாளி யாரும் இல்லை. எழுதியவர் சரியாக எழுதினார், பார்த்தவர் சரியாகப் பார்த்தார். இரண்டு தொடர்களுக்கு நடுவே இருந்த இடைவெளிதான் தப்பு, அது கண்ணில் படாது. ஓட்டித்தான் பிடிக்க வேண்டும். ஓட்டிப் பிடித்தும் இருந்தார்கள் என்பதுதான் மனதைக் குடைகிறது: 6.1.64-இன் ஆர்சி வெளியான கையோடு ஒரு சோதனைக் குழு, எல்டிபி (லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட்) தொகுப்பில் ஒரு சோதனை தோற்கிறது என்று தெரிவித்திருந்தது. காரணம் அலசி முடிவதற்குள் பதிப்பு வெளியே போய்விட்டது. ஸ்டேபிள் ஆர்சி ஒன்றுக்குப் பதில் சொல்லக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 48 மணி நேரம். ஒரு குழுவிடம் ஒரு சோதனை தோற்றால், சோதனையே கோளாறோ, அந்தப் போர்டு கோளாறோ என்றுதான் முதலில் தோன்றும். வேறு ஊரில், வேறு போர்டில் இன்னும் இரண்டு பேர் அதையே சொல்லியிருந்தால் பதிப்பு நின்றிருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

அந்த இரண்டு பேராக நாம் இருந்திருக்கலாம்.

ரிவ்யூ செய்ய உலகமெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். போதாது என்று மெயின்டெய்னர்கள் புலம்பினாலும் இருக்கிறார்கள். தானியங்கிச் சோதனைக்கும் கெர்னல்சிஐ, லினாரோவின் எல்கேஎஃப்டி, கூகுளின் சிஸ்பாட், இன்டெலின் ஜீரோ-டே என்று பண்ணைகள் உண்டு. அவற்றில் உள்ளவை பெரும்பாலும் சர்வர், விர்ச்சுவல் மெஷின், ஏசி அறையில் ஒழுங்கான மின்சாரத்தில் உட்கார்ந்திருக்கும் டெவலப்மென்ட் போர்டு. செல்ஃப் அடிக்கும்போது பாட்டரி மின்னழுத்தம் சரியும் அந்தக் கண நேரத்தில் ஈஎம்எம்சி டிரைவர் என்ன செய்கிறது என்று அந்தப் பண்ணைகளில் பார்க்க முடியாது. நம் பெஞ்சில் ஐஎஸ்ஓ 16750-இன் கிராங்க் அலைவடிவம் நாள் முழுக்க ஓடுகிறது. கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போர்டுக்குள் சிப் எப்போது வேகத்தைக் குறைக்கிறது, குறைத்ததும் கேமராப் படம் எத்தனை ஃப்ரேம் விடுகிறது என்று ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ளவர்கள் சொல்ல முடியும். அமெரிக்காவின் போர்ட்லேண்டில் உள்ள கெர்னல்காரர் சொல்ல முடியாது.

அணைத்து நிறுத்திய கார் பாட்டரியிலிருந்து இழுக்கும் டார்க் கரன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சஸ்பெண்டுக்குப் போகவேண்டிய ஒரு யுஎஸ்பி ஹப், ஒரு பேட்ச்சுக்குப் பிறகு விழித்தபடியே இருக்கிறது. சர்வர்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. லேப்டாப்காரர் சார்ஜர் செருகிக்கொள்வார். நம் கார் எண்ணூர்த் துறைமுக யார்டில் காத்திருந்து, கப்பலேறி, வாரக்கணக்கில் கழித்து இறங்கும்போது பாட்டரி செத்திருக்கும். அல்லது பூட் நேரம். ரிவர்ஸ் கியர் போட்ட இரண்டு நொடிக்குள் பின்கேமராப் படம் வர வேண்டும் என்பது அமெரிக்க விதி. எந்தச் சந்தைக்கு அனுப்பினாலும் நம் டிசைன்காரர்கள் அதைச் சுற்றித்தான் கணக்குப் போடுகிறார்கள். டிரைவர்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் வரிசையை ஒரு நல்ல பேட்ச் மாற்றி வைக்க, முந்நூறு மில்லிநொடி கூடுகிறது. உலகில் யாரும் கவனிக்க மாட்டார்கள். நாம் கவனிப்போம். கவனித்து என்ன செய்கிறோம்? உள் ரெப்போவில் அந்தப் பேட்ச்சைப் பின்வாங்கிவிட்டு, கமிட் தலைப்பில் ‘பூட் டைம் ஃபிக்ஸ்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். ஆறு மாதம் கழித்து அடுத்த பிஎஸ்பி வரும்போது அதே பேட்ச் திரும்ப வந்து நிற்கும். அதற்குள் அந்த ஃபிக்ஸ் போட்டவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

மெயின்லைன் மரத்துக்கு வெளியே பேட்ச் வைத்துக்கொண்டு வாழ்வதன் விலை எவ்வளவு என்பதற்குப் பெரிய சாட்சி நிகழ்நேரப் பேட்ச்கள். உலகத்தின் மிகத் திறமையான ஆட்கள் ஏறத்தாழ இருபது ஆண்டு அவற்றைத் தனியே சுமந்து, ஒவ்வொரு பதிப்புக்கும் திரும்பத் திரும்பப் பொருத்தி, 2024 நவம்பரில் வந்த 6.12-இல்தான் மெயின்லைனிலேயே இயங்கும் நிலைக்குக் கொண்டு வந்தார்கள். அவர்களுக்கே அப்படி. மூன்று பேர் உள்ள நம் பிஎஸ்பி டீமுக்கு?

கூச்சமான இன்னொரு விஷயம். வெளியார் பார்வைக்கு வராத குறியீட்டில் ரிவ்யூ எப்படி நடக்கிறது என்பது 2022-இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2021 ஐயோனிக் வைத்திருந்த ஒரு புரோகிராமர், ஹூண்டாய் மோபிஸ் செய்த அதன் இன்ஃபோடெயின்மென்ட் பெட்டியைக் குடைந்தார். அப்டேட்டை மறைகுறியாக்கும் சாவி, அமெரிக்கத் தரநிலை நிறுவனம் தன் ஆவணத்தில் உதாரணமாக அச்சிட்டிருந்த சாவி. கையொப்பமிடும் சாவி, ஆர்எஸ்ஏ கற்றுத்தரும் ஒரு பயிற்சிப் பாடத்தில் இருந்த சாவி. அது இங்கே செய்த கார் அன்று. பாடம் எல்லோருக்கும் பொது. நம் ஊர் டயர்-1 கம்பெனிகளின் ரெப்போக்களில் தேடினால் இப்படி எதுவும் கிடைக்காது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல யார் தயார்? ஒரே ஒரு ரிவ்யூவர் அந்தச் சாவியை ஒரு தேடுபொறியில் ஒட்டிப் பார்த்திருந்தால் போதும்.

சட்டமும் இந்தப் பக்கம் நகர்கிறது. வாகன மென்பொருள் அப்டேட்டை நிர்வகிக்க ஐநா ஒழுங்குமுறை 156, சைபர் பாதுகாப்புக்கு 155. அவற்றையொட்டி நம் நாட்டில் ஏஐஎஸ்-190, ஏஐஎஸ்-189. ஒரகடம் ஜிஏஆர்சி சோதனை மையத்தில் இன்றைக்கு மின்காந்தச் சோதனைக்கு வண்டியை நிறுத்துகிறோம். இந்த அப்டேட்டில் என்ன மாறியது, அதனால் எது பாதிக்கப்படும் என்ற கேள்வி வரும் நாளில் ‘பிஎஸ்பி அப்டேட்’ என்று பதில் சொல்ல முடியாது.

எனவே இதழின் நிலைப்பாட்டை நேராகவே வைக்கிறோம். நம் கம்பெனிகள் கெர்னலுக்குப் புதிய டிரைவர் எழுதித் தர வேண்டும் என்று கேட்கவில்லை. அது நடக்கும்போது நடக்கட்டும். ‘டெஸ்டட்-பை’ வரி ஒன்றைக் கேட்கிறோம். நாம் ஓட்டும் தொடரின் ஸ்டேபிள் ஆர்சி வந்ததும், ஒரு போர்டு அதைத் தானாக எடுத்து பில்ட் செய்து, பூட் நேரம், சஸ்பெண்ட் மின்னோட்டம், கிராங்க் சோதனை மூன்றையும் ஓட்டட்டும். 48 மணி நேரம் இதற்குத் தாராளம். தேறினால் பெயரோடு அந்த வரி. தோற்றால் அன்றைக்கே அறிக்கை, அடுத்த நாள் எந்த பேட்ச் என்ற விடை. பிபிஏபி ஒழுக்கத்தில் ஊறிய நமக்கு இது கடினமே இல்லை.

தடை சொல்பவர்களின் வாதம் தெரியும். எஸ்ஓபி ஆகாத, அதாவது உற்பத்தி தொடங்காத, போர்டு ரகசியம், வெளியே பேர் சொல்ல முடியாது என்பார்கள். சரி, ரகசியப் போர்டு வேண்டாம். நான்கு வருடமாக ரோட்டில் ஓடும் மாடலின் போர்டில் ரகசியம் என்ன இருக்கிறது? சிப் கம்பெனியின் ரெஃபரன்ஸ் போர்டையே சேம்பருக்குள் வைத்து ஓட்டினாலும் புதிய தகவல்தான். கம்பெனி முகவரியிலிருந்து வெளியே எழுத லீகல் அனுமதி வேண்டும் என்பது நிஜமான தடை. அதை ஒருமுறை வாங்கிவிட்டால் அப்புறம் கேட்க வேண்டியதில்லை, எனவே பேச்சை இன்றே தொடங்குங்கள். நேரம் இல்லை என்பது மட்டும் எடுபடாது. பின்வாங்கிய அதே பேட்ச்சை மூன்றாவது முறை பின்வாங்க நேரம் இருக்கிறதே.

ஆள் பஞ்சமும் இல்லை. சென்னை சி-டாக் 2007-இல் பாஸ் லினக்ஸை வெளியிட்ட காலத்திலிருந்து இந்தப் பக்கத்தில் டெபியன் பொதிகளைக் கட்டிப் பழகிய ஒரு தலைமுறை இருக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் கூடுகிறது. அங்கே வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு கிட் தெரியும், போர்டுதான் கிடையாது. கழித்துக் கட்டிய பெஞ்ச் போர்டுகளை ஸ்கிராப்புக்குப் போடாமல் அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று யோசித்துப் பார்க்கச் சொல்கிறோம்.

அறிக்கை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘நன்றாக ஓடுகிறது’ என்பது அறிக்கை ஆகாது. எந்தப் பதிப்பு, எந்த போர்டின் டிவைஸ் ட்ரீ, எந்த கம்பைலர், எந்த கான்ஃபிக், அதன் மேல் நம் சொந்த பேட்ச் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று முதலில் சொல்லுங்கள். முந்தைய பதிப்பில் அதே சோதனையின் எண் என்ன, இப்போது என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சேம்பர் வெப்பநிலையையும் சப்ளை மின்னழுத்தத்தையும் எழுதுங்கள். அவற்றை எழுதும் பழக்கம் கெர்னல்காரர்களுக்கு இல்லை, நமக்கு உண்டு. சொந்த பேட்ச்கள் ஏறிய கெர்னலில் தோற்றால், அவற்றைக் கழற்றிவிட்டு வெறும் ஆர்சியில் ஒருமுறை ஓட்டிய பிறகு அனுப்புங்கள். இல்லாவிட்டால் மெயின்டெய்னர் முதல் பதிலிலேயே அதைத்தான் கேட்பார், 48 மணி நேரத்தில் பாதி அதில் போய்விடும்.