காய்ச்சல் பிள்ளையும் பால்வாடியும்

வளவனூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் உள்ள ஏழைத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைப் பால்வாடியில் விட்டுவிட்டுத்தான் கழனிக்கோ, கட்டிட வேலைக்கோ, விழுப்புரத்துக்கோ, புதுச்சேரிக்கோ பிழைப்புக்குப் போகிறார்கள். 1975ல் இந்திய சர்க்கார் துவக்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஏற்பட்ட அங்கன்வாடியைத்தான் நம் ஜனங்கள் பால்வாடி என்கிறார்கள். காலையில் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அன்றைக்கு அதை அனுப்புவதா, வீட்டில் நிறுத்துவதா என்கின்ற கேள்விக்கு நம்மவர்களிடம் இரண்டே பதில்கள்தான் இருந்து வருகின்றன. ஒன்று ஆத்தாள் சொல்லும் பதில். மற்றொன்று அன்றாடக் கூலி சொல்லும் பதில். அறிவு சொல்லும் பதில் எது என்று கேட்பார் இல்லை. ஆதலால் அதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத ஆசைப்படுகிறோம்.

முதலில் ஆத்தாள் சங்கதியை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் உடம்பில் நாலு கொப்புளம் கிளம்பிவிட்டால் "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்பதாகச் சொல்லி, வாசலில் வேப்பிலையைச் செருகி, பிள்ளையை வெளியில் விடாமலும், அயலார் உள்ளே வராமலும் காத்து, மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகே வெளியே அனுப்புகிறார்கள். இதில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வது மட்டும் சரியான காரியம் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். அதற்குச் சொல்லும் காரணந்தான் தவறு.

காரியம் சரியாய் இருக்கும்போது காரணம் தவறாய் இருந்தால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். பெரிய நஷ்டம் இருக்கிறது. ஆத்தாள் என்று நம்புகிறவன், மருந்து கொடுத்தால் அவளுக்குக் கோபம் வரும் என்று பயந்து டாக்டரிடம் போகமாட்டான். சின்னம்மையானால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். மணல்வாரி என்கின்ற தட்டம்மையோ அப்படிப்பட்டதல்ல. அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சத்தில்லாத பிள்ளையின் கண்ணையும் பறிக்கும். மூச்சிரைக்கின்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரத்தில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளையின் கதி என்ன?

அன்றியும், ஆத்தாளாகக் கருதப்படாத வியாதிகளுக்கு வேப்பிலையும் இல்லை, வீட்டில் நிறுத்துவதும் இல்லை. வயிற்றுப்போக்கு என்றால் "பல் முளைக்கிறது", "கண் பட்டுவிட்டது" என்று சொல்லி, மந்திரித்துக் கயிறு கட்டி, அன்றைக்கே பால்வாடியில் கொண்டுவந்து விடுகிறார்கள். அங்கே இருப்பது ஒரு டீச்சரும் ஒரு ஆயாவுந்தான். அப்பிள்ளைக்குக் கால் கழுவிவிடும் கையே சற்று நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய கையாகும். மந்திரித்த கயிறு கிருமியைக் கட்டிப் போடுமா? பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் பொன் நகையைப் போடுகிறார்கள். பொன்னையே கண்டறியாத கூலிக்காரன் பிள்ளைக்கும் அவ்வீக்கம் சில நாளில் வடியத்தானே செய்கிறது?

ஆத்தாளின் சக்தி எவ்வளவு என்பதற்குச் சரித்திரமே சாட்சியாகும். 1796ல் ஜென்னர் என்கின்ற இங்கிலீஷ் வைத்தியர் பெரியம்மைக்குத் தடுப்பு முறை கண்டார். 1802 ஜூன் 14ந் தேதி பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு இந்நாட்டிலேயே முதன்முதலாக அந்த அம்மை குத்தப்பட்டது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை தீர்ந்தது. 1980 மே மாதத்தில், அது உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. தலைமுறை தலைமுறையாகக் கூழ் ஊற்றியும், தீ மிதித்தும் போகாதவள் ஊசி முனைக்குப் போய்விட்டாள். கோயில்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, வியாதிதான் இல்லை.

இது நிற்க, அறிவு சொல்லும் கணக்கு வெகு சுலபமானது. பிள்ளை எழுந்து விளையாடும் நிலையில் இருக்கிறதா, அதன் வியாதி மற்றப் பிள்ளைகளுக்குக் கடுமையாய்த் தொற்றக்கூடியதா, அதைக் கவனிக்கப் போனால் டீச்சரும் ஆயாவும் மற்றப் பிள்ளைகளை விட்டுவிட நேருமா, என்கின்ற மூன்றையும் பார்த்தால் போதும்.

வெறும் மூக்கொழுகலுக்காகப் பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை. சிறு பிள்ளைக்கு வருஷத்தில் ஆறு, எட்டுத் தடவை ஜலதோஷம் பிடிப்பது சகஜம். அதற்கெல்லாம் நிறுத்தினால் மத்தியானச் சோறும் முட்டையும் போவதுதான் மிச்சம். தலையில் பேன் இருக்கிறதென்று விரட்டுவதும் தப்பு. காய்ச்சலானால், மருந்து கொடுக்காமலே ஒரு முழு நாள் சுடாமல் இருந்த பிறகு அனுப்பலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று ஒரு முழு நாளாவது ஆக வேண்டும். தட்டம்மைக்குத் தடிப்புக் கண்டதிலிருந்து நாலு நாளும், பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் கண்டதிலிருந்து ஐந்து நாளும் நிறுத்த வேண்டும். சின்னம்மையானால், புதுக் கொப்புளம் கிளம்பாமல் இருப்பதெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரையில், அதாவது ஏறக்குறைய ஒரு வாரம். மூன்று தண்ணீர் ஆயிற்றா என்று பார்க்க வேண்டாம். பொருக்குத் தட்டிற்றா என்று பாருங்கள். மேலும், சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முந்தியே தொற்றத் துவங்கிவிடுகிறது. ஆதலால் முதலில் வந்த பிள்ளையின் தாயை மற்றவர்கள் ஏசுவதில் நியாயம் சிறிதும் இல்லை.

"எல்லாப் பிள்ளைக்கும் ஒரு நாள் வந்துதானே தீரும், வந்து போகட்டும்" என்று பேசும் பெரியவர்களும் உண்டு. பால்வாடிக்கு வருவது பிள்ளைகள் மாத்திரந்தானா? கர்ப்பிணிகள் சத்துமாவு வாங்க வருகிறார்கள். கைக்குழந்தைகளை எடை போடத் தூக்கி வருகிறார்கள். தட்டம்மை, ரூபெல்லாவுக்கான முதல் ஊசியே 9 மாதம் முடிந்த பிறகுதான். அதற்கு முந்திய குழந்தைக்குக் காப்பு ஏது? பிள்ளைக்கு லேசான தடிப்பாய் வந்து போகும் ரூபெல்லா, கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணையும், காதையும், இருதயத்தையும் கெடுத்துவிடும். வந்து போகட்டும் என்பவர் யாருக்கு வரட்டும் என்கிறார்?

இனி கூலி சொல்லும் பதிலுக்கு வருவோம். மேற்கண்டதையெல்லாம் டீச்சர் எத்தனை தடவை சொன்னாலும், தாய் என்ன செய்வாள்? காலையில் பாரசிட்டமால் மருந்தை வாயில் ஊற்றி, சூடு தணிந்திருக்கும் நேரம் பார்த்துப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறாள். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லுகிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: அவள் வீட்டில் நின்றால் அன்றைய அடுப்பு எதனால் எரியும்? மத்திய சர்க்காரின் பெண் உத்தியோகஸ்தர்களுக்கு, பிள்ளைகளைப் பராமரிக்க உத்தியோகக் காலத்தில் 730 நாள் வரை சம்பளத்தோடு லீவு என்று 2008ல் உத்தரவாயிற்று. அது வேண்டியதுதான், நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் கரும்பு வெட்டுகிறவளுக்கும், சித்தாள் வேலை செய்கிறவளுக்கும் கூலியோடு ஒரு நாளாவது உண்டா? உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைக்கு வரும் காய்ச்சல் ஒரு ஜாதி, கூலிக்காரி பிள்ளைக்கு வரும் காய்ச்சல் வேறு ஜாதியா?

இன்னொரு சங்கதியையும் கவனிக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் நிற்பதா, பாட்டி நிற்பதா என்றுதான் வீட்டில் பேச்சு நடக்கிறதே ஒழிய, தகப்பன் நிற்பதா என்று பேச்சு உண்டா? பிள்ளைக்குத் தன் இனிஷியலைப் போடுவதற்கு உரிமை கொண்டாடுகிறவன், அதன் நெற்றியில் ஈரத்துணி போடுவதற்கு மட்டும் ஏன் ஆண்மை குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டும்? ஸ்வீடன் தேசத்தில் 1974 முதலே, பிள்ளை நோயாய் இருக்கும் நாளில் தாயோ தகப்பனோ யார் வீட்டில் நின்றாலும் சம்பளத்தில் பெரும் பகுதி பொது நிதியிலிருந்து கிடைத்து வருகிறது. ஒரு பிள்ளைக்கு வருஷத்தில் 120 நாள் வரை அந்த உரிமை உண்டு. இங்கே 120 நாள் வேண்டாம், பத்து நாளாவது, கட்டிடத் தொழிலாளருக்கும் மற்றக் கூலிக்காரருக்கும் ஏற்பட்டுள்ள நல வாரியங்கள் மூலம் கொடுக்கலாகாதா? நிறுத்தப்பட்ட பிள்ளையின் பங்கு உணவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாகாதா? 2020ல் கொரோனாவுக்காகப் பால்வாடிகளை மூடியபோது உலர் உணவுப் பொருள்களை வீட்டுக்குக் கொடுக்க முடிந்ததே!

ஆகவே தாய்மார்களே, தோழர்களே! மேலே சொன்ன நாள் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதிப் பால்வாடிச் சுவரில் ஒட்டும்படி செய்யுங்கள். ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்குச் சுட்டால் இன்றைக்குத் தாய், நாளைக்குத் தகப்பன் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நின்ற நாளுக்குக் கூலி கேட்டு நல வாரியத்தின் கதவைத் தட்டுங்கள். வேப்பிலைக்காக ஒரு வாரம் கதவைச் சாத்தத் தெரிந்த ஜனங்களுக்கு, அறிவுக்காக நாலு நாள் சாத்துவது முடியாத காரியமல்ல. அந்த நாலு நாளும் அடுப்பு எரிவதற்கு வழி செய்யாமல் தாய்க்கு மட்டும் புத்தி சொல்லுவது யோக்கியமான காரியமாகாது என்பதே நமது அபிப்பிராயமாகும்.