ஒழுகும் கூரை எவருடையது?

“குடிபுகுமுன் நன்றாகப் பார்த்திருக்க வேண்டும்” என்று நண்பர்கள் புத்தி கூறுகின்றனர். பார்த்தேன். ஆவணி வெயிலில் எந்தக் கூரைதான் ஒழுகும்? இடமாற்றம் பெற்று யாழ்ப்பாணம் வந்து, ஆறு மாத வாடகையை முற்பணமாக எண்ணிக் கொடுத்துப் புகுந்த வீடு அது. ஐப்பசி மாரி தொடங்கிய இரண்டாம் இரவே அதன் உண்மையுருவம் வெளிப்பட்டது. தகரப் பீலி துருவேறி, நீர் சுவரினுள் இறங்கியிருந்தது. ஓடுகளைக் கழற்றிய தச்சர் சிலாகையொன்றைக் கையால் நசுக்கிக் காட்டினார். கறையான் மரத்தைத் தின்று, புதிதாகப் பூசிய வர்ணத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. அவ்வர்ணம் எதற்காகப் பூசப்பட்டதென நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரரோ, “இருப்பவர்தானே திருத்த வேண்டும்” என்றார். திருத்தினால் கூரை எவருக்கு மிஞ்சும்? ஒப்பந்தம் முடிந்ததும் அக்கூரையையே காட்டி வாடகையை உயர்த்துவார். என் சம்பளம் அவரது சொத்தில் சிலாகையாய் நிற்கும்!

1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியதாலேயே வீடுகள் பழுதாயின என்போர் இன்றும் உளர். என் வாடகையை எந்தச் சபையும் கட்டுப்படுத்தவில்லை, அவரே குறித்தார். ஆயினும் ஒழுகுகின்றதே! ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கே 1973இல் உச்சவரம்பு விதித்த நாட்டில், ஒரு பீலிக்காக நாம் கெஞ்சி நிற்கின்றோம்.

ஆசிரிய நண்பர்களே, கடன்பட்டு மௌனமாகத் திருத்தாதீர்கள். பழுதை எழுத்தில் அறிவியுங்கள். திருத்தச் செலவு வாடகையிற் கழியும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுவியுங்கள். என் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. கூடத்தில் மூன்று வாளிகள் வைத்திருக்கின்றோம்.